மலாக்காத் துறையில் சிறு வணிகரும் வேற்று நாட்டாரும்

மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் இன்று பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளே மிகுதி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் சீனத்து மரக்கலங்களும், சாவகத்து 'ஜொங்' கப்பல்களும், சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த கலங்களும் நெருங்கி நின்றன. அத்துறைமுகத்தில் 84 மொழிகள், ஒன்றோடொன்று கலவாத தனித்தனி மொழிகள், வழங்கக் கேட்பது உண்டு என்று தோமே பீரேசு என்னும் போர்த்துக்கீசியர் எழுதி வைத்துள்ளார். எண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை; கேட்டவர் வியந்தார் என்பது மட்டும் உறுதி. பீரேசு மருந்துச் சரக்குகளின் தரம் அறிந்தவர். 1512இல் மலாக்காவுக்கு வந்து, அங்கிருந்த போர்த்துக்கீசியப் பண்டகசாலையில் எழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்தவர். அவர் எழுதிய 'சூமா ஓரியந்தால்' என்னும் நூலின் கையெழுத்துப் படி நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1937இல் பாரிசு நகரத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1944இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. மலாக்காவின் வாணிகத்தைப் பற்றி இன்று கூறப்படும் செய்திகளுள் பாதிக்கு மேல் அந்த ஒரு நூலிலிருந்து வந்தவையே.

84 மொழிகள் வழங்கிய கரையில், ஒருவன் பேச்சு மற்றவனுக்கு விளங்காது. ஒருவன் தொழும் தெய்வம் மற்றவனுக்குப் பொய்த் தெய்வம். ஒருவன் உண்பது மற்றவனுக்கு விலக்கு. இத்தகையோர் ஆண்டுதோறும் கூடி, பொருளை மாற்றி, கடன் கொடுத்து, மறு ஆண்டு வந்து அதனைத் திரும்பப் பெற்றும் சென்றனர். அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்கும் படையும் பரிவாரமும் துணை. நான்கு மூட்டைத் துணியோடு வந்திறங்கிய சிறு வணிகனுக்கு எது துணை?

அச்சிறு வணிகன் யாவன் என்பதை முதலில் காண வேண்டும். அந்நாளைய கப்பலின் உட்பகுதி பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. அத்தடுப்பறைக்கு மலாய் மொழியில் 'பெத்தாக்' என்று பெயர். சொந்தக் கப்பல் இல்லாதவன் ஒரு பெத்தாக்கையோ இரண்டையோ கூலிக்குப் பெற்று, அதில் தன் சரக்கை அடைத்து, தானும் உடன் சென்றான். அவனைக் 'கீவி' என்று அழைத்தனர். கப்பல் தலைவன் 'நக்கோடா'. டச்சு அறிஞர் வான் லூர் 1934இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில், பழைய ஆசிய வாணிகம் பெரும்பாலும் இத்தகைய தலைச்சுமை வணிகர் கையிலேயே இருந்தது என்று வாதிட்டார். 1962இல் மைலிங்க்-ரூலோஃப்சு என்னும் அம்மையார் அக்கூற்றை மறுத்து, பல கப்பல்களுக்கு உரிமை பூண்ட பெருவணிகர் மலாக்காவில் இருந்தமையை எடுத்துக் காட்டினார். அம்மையார் கூற்றே வலியுடையது. ஆயினும் பெருவணிகன் அனுப்பிய கப்பலிலும் கீவிகள் இருந்தார்கள் என்பதை மறத்தலாகாது. ஒரு கப்பல் என்பது மிதக்கும் கடைத்தெரு போன்றது.

சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாரூசு என்னும் ஊருக்கு அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அது சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசித் திங்களில் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர் நாட்டியது. அவர்தம் பட்டினத்துக்கு வரும் மரக்கலத்தின் நாயகனும் அவனோடு வரும் 'கேவி'களும் செலுத்த வேண்டிய கட்டணத்தை அக்கல் கூறுகிறது. 'கேவி' என்பதைக் கப்பலில் வரும் ஆட்கள் என்று கல்வெட்டறிஞர் பொருள் கொள்வர். பிற்கால மலாய்க் கடற்சட்டத்தில் வரும் 'கீவி'யோடு இச்சொல்லை ஒப்பிட்டு ஆராய்வது பயன் தரும். ஒலி ஒப்புமை ஒன்றையே சான்றாகக் கொண்டு முடிவு கூறுவதோ முறையன்று. இங்கு இன்றியமையாதது வேறொன்று. அக்கட்டணம் பொன்னாகச் செலுத்தப்பட வேண்டும். அப்பொன்னின் அளவு கஸ்தூரியின் விலையை ஒட்டி அமைய வேண்டும். கஸ்தூரியின் விலையை அக்கடற்கரையில் எல்லா நாட்டாரும் அறிவர். அது ஒருவர் நாட்டு நாணயமும் அன்று, மற்றவர் நாட்டு அளவையும் அன்று. வருவோனும் இருப்போனும் தமக்குள் எத்துணை வேறுபட்டிருப்பினும், அவ்விருவர்க்கும் வெளியே நிற்கும் ஒரு பொருளை அளவுகோலாகக் கொண்டுவிட்டால் வழக்குக்கு இடமில்லை. மலாக்கா நகரம் தோன்றுவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே இந்நுட்பத்தை அறிந்தவர் இக்கடலில் இருந்தனர்.

மலாக்காவுக்கு வந்தோர் ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்டிருந்த கருத்து உயர்ந்ததென்று கூற முடியாது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த அரபு மாலுமி அஹ்மது இப்னு மாஜித், கடல்வழி நூல்கள் பல இயற்றிப் பெரும்புகழ் பெற்றவர். மலாக்கா மக்களைப் பற்றி அவர் எழுதியுள்ளவை கடுமையானவை. அவர்க்குப் பண்பாடு இல்லை. முசுலிம் பெண்ணைப் பிற சமயத்தான் மணக்கிறான், முசுலிமும் பிற சமயப் பெண்ணை மணக்கிறான். கடைவீதியில் மது அருந்துகின்றனர். கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றுவர், எச்சரிக்கை வேண்டும் என்ற பொருள்படப் பேசுகிறார். மலாக்காச் சுல்தான்களும் முசுலிம்களே என்பதை நினைவிற் கொண்டால் இப்பழிப்பின் வேகம் விளங்கும். சமயம் ஒன்றாயிருந்தும் பழக்கம் வேறானால், அவ்வேறுபாடே மனத்தை மிகுதியாக உறுத்துகிறது போலும்.

ரியூக்கியூத் தீவினரைப் பற்றிப் பீரேசு கேள்வியுற்ற செய்தி இதற்கு மறுதலையானது. அவர்கள் உண்மையாளர்; சரக்கைத் தயங்காது கடனாகக் கொடுப்பர்; ஆனால் பணம் கேட்கும் நாளில் எவரேனும் பொய் கூறினால் வாளைக் கையிலேந்தி வசூலிப்பர் என்று மலாக்காவில் பேசிக்கொண்டனராம். பழிப்போ புகழோ, இத்தகைய பேச்சு எல்லாத் துறைமுகங்களிலும் உண்டு. கருதத்தக்கது என்னவெனில், இப்னு மாஜித் அவ்வாறு எழுதிய பின்னரும் அரபு வணிகர் மலாக்காவுக்கு வருவதை நிறுத்தவில்லை. வாளுக்கு அஞ்சி ரியூக்கியூத் தீவினரின் சரக்கை எவரும் வாங்காமல் விடவும் இல்லை. வாயாற் பேசியது ஒன்று. கையாற் செய்தது மற்றொன்று.

அச்செய்கையை உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மலாக்காக் கரையில் வாணிகம் செய்தோர் தமக்குள் இருந்த வேற்றுமைகளை இருவகையாகப் பிரித்துக்கொண்டனர். சமயம், உணவு, மணமுறை, இறந்தோரை அடக்கும் முறை ஆகிய பெரிய வேற்றுமைகளைத் தீர்க்க எவரும் முயலவில்லை. அவை இருந்தபடியே இருந்தன. நிறை, விலை, நாணயம், பணம் செலுத்தும் நாள் ஆகிய சிறிய வேற்றுமைகளை மட்டும் எடுத்து, அணுவளவும் ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்து வைத்தனர். இன்று பலர் இதனைத் தலைகீழாகச் செய்ய முயல்கின்றனர். மனம் ஒன்றுபட்டால் கணக்குத் தானே சரியாகும் என்று நம்புகின்றனர். மலாக்கா வணிகர் கணக்கைச் சரிசெய்துவிட்டு மனத்தை அதன் போக்கில் விட்டுவிட்டனர்.

முதலில் நிறை. 'டாச்சிங்' என்னும் தூக்குக்கோலை மலேசியாவில் அறியாதார் இல்லை. மலாக்காவில் டாச்சிங் இரண்டு இருந்தன. மிளகு, கிராம்பு, சாதிக்காய் போன்றவற்றைப் பெரிய டாச்சிங்கிலும், பாதரசம், பட்டு முதலியவற்றைச் சிறிய டாச்சிங்கிலும் நிறுத்தனர். பாரம் என்னும் நம் சொல்லோடு உறவுடைய 'பாகாரா' என்ற பெருநிறை இருவகைக் கோலுக்கும் பொதுவாயினும், அதன் அளவு கோலுக்குக் கோல் மாறுபட்டது. எச்சரக்குக்கு எக்கோல் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தமையால், வந்தவன் தன் நாட்டு நிறையைக் கைவிட வேண்டுவதில்லை. ஒப்பிட்டு மாற்றிக்கொண்டால் போதும். நாணயமும் இவ்வாறே. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்செலவுகளில் உடன் சென்ற மா ஹுவான், மலாக்காவில் ஈயக் கட்டிகளே நாணயமாக வழங்கியதைக் குறித்துள்ளார். ஈயம் என்றது வெள்ளீயத்தை. ஒரு கட்டியின் எடை இவ்வளவு. பத்துக் கட்டியைப் பிரம்பால் கட்டினால் சிறு கட்டு. நாற்பது கட்டி பெருங்கட்டு என்று அவர் கூறுகிறார். எந்த அரசன் முகமும் பொறிக்கப்படாத அக்கட்டியைத் தூக்கிப் பார்த்தாலே மதிப்புத் தெரிந்துவிடும். எழுத்தறியாதவனையும் அது ஏமாற்றாது.

அடுத்து, ஆள். கப்பல் துறையை அடைந்ததும் வேற்று நாட்டான் முதலிற் காண வேண்டியவர் 'ஷாபந்தர்'. துறைமுகத் தலைவர் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. மற்றத் துறைமுகங்களில் ஷாபந்தர் ஒருவரே இருப்பது வழக்கம். மலாக்காவில் நால்வர் இருந்தனர். குசராத்தியர்க்கு ஒருவர். கெலிங், வங்காளர், பெகுவர், பாசையினர் ஆகியோர்க்கு ஒருவர். சாவகர், மலுக்குத் தீவினர், பாண்டாத் தீவினர், பலெம்பாங்கினர், போர்னியோவினர், லூசோனியர் ஆகியோர்க்கு ஒருவர். சீனர், ரியூக்கியூத் தீவினர், சம்பா நாட்டினர் ஆகியோர்க்கு ஒருவர். (கெலிங் என்பது கலிங்கம் என்னும் பெயரிலிருந்து வந்து, சோழமண்டலக் கரையினர் அனைவரையும், சிறப்பாகத் தமிழரை, அந்நாளில் குறித்த சொல். இன்று அதற்கு ஏற்பட்டுள்ள இழிவு அன்று அதற்கு இல்லை.) வந்தவரைப் பெண்டகாராவிடம் அழைத்துச் செல்வது, தங்க இடம் தருவது, சரக்கு வைக்கக் கிடங்கு ஒதுக்குவது, சுமை இழுக்க யானைகளுக்கு ஆணையிடுவது ஆகிய யாவும் ஷாபந்தரின் கடமை. யானையைப் பற்றிய குறிப்பைப் பீரேசு போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஆயினும் நாகப்பட்டினத்திலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ வந்திறங்கிய ஒரு கீவிக்கு, முன்பின் அறியாத கரையில் தன் மொழி பேசும் ஒருவர் யானையோடு வந்து நிற்பது எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும்!

ஷாபந்தர் வணிகரின் உறவினத்தார். அதே நேரத்தில் சுல்தானின் அலுவலர். இரு பக்கமும் கடமைப்பட்டவர். வேற்று நாட்டான் தவறு செய்தால் அவனை அறிந்தவர் அவர். அரசு தவறு செய்தால் அதனை எடுத்துச் சொல்ல உரிமை பெற்றவரும் அவரே.

மூன்றாவது, விலை. மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு 6 வீதம் சுங்கம். சுங்கம் விதிக்கச் சரக்கை மதிப்பிட வேண்டும். மதிப்பீட்டில்தான் ஏமாற்று நுழையும். ஆகவே வணிகருள் பத்துப்பேரைத் தேர்ந்தனர்: ஐவர் கெலிங்குகள், ஐவர் மற்ற நாட்டார். தெமெங்கோங் என்னும் அலுவலர் முன்னிலையில் அவர்கள் மதிப்புக் கூறினர். சரக்குக்கு உரியவனின் நாட்டாரும் பிறரும் சமமாய் அமர்ந்த அவையில், குறைத்து மதிப்பிடவும் இயலாது, கூட்டி மதிப்பிடவும் இயலாது.

விற்பனையும் ஏறக்குறைய இவ்வழியிலேயே நடந்தது. சுங்கம் செலுத்திய பின், உள்ளூர் வணிகர் பத்துப்பேரோ இருபதுபேரோ ஒன்றுகூடி, சரக்குக்கு உடையவனோடு விலை பேசி, முடிந்த விலையில் முழுச் சரக்கையும் எடுத்து, தத்தம் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டனர். இதனைச் சற்று விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். கடல் வணிகனுக்குப் பகைவன் காற்று. மேற்கே திரும்ப வேண்டிய கப்பல் வடகிழக்குக் காற்று வீசும்போதே பாய் விரிக்க வேண்டும்; அதைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு வீண். கைச்சரக்கைத் தெருத்தெருவாக விற்றால் நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் கப்பல் போய்விடும். உள்ளூர்ச் சிறு வணிகனுக்கோ ஒரு கப்பல் சரக்கைத் தனியே வாங்கும் ஆற்றல் இல்லை. இருபதில் ஒரு பங்கு வாங்க முடியும். இருதிறத்தாரின் குறையும் இம்முறையில் தீர்ந்தது. வந்தவன் சிறிது இலாபத்தை விட்டுக்கொடுத்து நாளைப் பெற்றான்; இருந்தவன் அவ்விலாபத்தைப் பெற்றுச் சரக்கைச் சிறுகச் சிறுக விற்றான். மலாக்காவில் விலை எல்லார்க்கும் தெரிந்ததாகையால் வந்தவன் மனக்குறையோடு செல்வதில்லை என்று பீரேசு கூறுகிறார். வென்ற நாட்டான் ஒருவன் தோற்ற நாட்டின் வழக்கத்தைப் பற்றி எழுதிய சொல்லாதலால் அதற்கு மதிப்பு மிகுதி.

இம்முறை மலாக்காவுக்கே உரியதன்று. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், கோழிக்கோட்டில், மா ஹுவான் கண்ட காட்சி இதற்கு இனமானது. சீனக் கப்பல் வந்ததும், மன்னன் சார்பில் ஓர் அதிகாரியும், செட்டி ஒருவரும், கணக்கர் ஒருவரும் வருவர். நாள் குறித்துச் சீனப் பட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து விலை கட்டுவர். முடிந்ததும் எல்லாரும் கைகோத்து, இனி விலை ஏறினும் இறங்கினும் பேச்சு மாறுவதில்லை என உறுதி செய்வர். பின்னர்த்தான் உள்ளூர்ச் செல்வர் முத்தும் மணியும் கொணர்வர். அவற்றின் விலை முடிய ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். அங்குள்ளோர் மணிச்சட்டம் இல்லாமல் கைவிரல், கால்விரல் இருபதைக் கொண்டே பிழையின்றிக் கணக்கிடுவதைக் கண்டு அச்சீனர் வியந்தார். தன் நாட்டு முறையை விடத் தாழ்ந்தது என்று அவர் எள்ளவில்லை. விடை சரியாயிருந்ததை மட்டும் கண்டார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதே கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியர் வார்த்தேமா, தரகர் துணியால் கையை மூடிக்கொண்டு, விரலைத் தொட்டே விலை பேசுவதை வருணித்தார். வாய் திறவாமல் ஒன்று முதல் பல்லாயிரம் வரை பேசிவிடலாம். மொழி அறியாதவர்க்கும் அது விளங்கும்; சுற்றி நிற்போர்க்கு ஒன்றும் விளங்காது.

நான்காவது, கடன். மலாக்காவில் இருப்பவன் ஒருவன், சாவகம் செல்லும் கப்பலின் உடையவனிடம் 100 குருசாடோ மதிப்புள்ள சரக்கைக் கொடுக்கிறான். கடல் ஆபத்து கொடுத்தவனைச் சார்ந்தது. கப்பல் நலமே திரும்பினால் அவனுக்கு 140 கிடைக்கும். எந்நாளில்? கப்பல் துறையடைந்த 44ஆம் நாளில். இவ்வளவு துல்லியமாக நாள் குறித்தமை கருதத்தக்கது. 'விரைவில் தருவேன்' என்ற சொல் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு நீளம் உடையது. 44 என்பது எல்லா மொழியிலும் 44 தான்.

கப்பலுக்குள்ளும் இவ்வரையறை இருந்தது. சுல்தான் மகமூது ஷாவின் காலத்தில், நக்கோடாக்களைக் கலந்து தொகுக்கப்பட்டதாகக் கூறப்படும் மலாக்காக் கடற்சட்டத்தைப் பிற்காலத்தில் இராபிள்சு ஆங்கிலத்தில் வெளிப்படுத்தினார். அச்சட்டத்தின்படி, துறையை அடைந்ததும் முதல் நான்கு நாள் நக்கோடா விற்கலாம். அடுத்த இரண்டு நாள் கீவிகள் விற்கலாம். அதன் பின்னரே மற்றக் கப்பலாட்கள். பெரியவனுக்கு முதலிடம் தந்த இவ்விதி நடுநிலையானதென்று கூறுவதற்கில்லை. எனினும் கீவிக்கென்று இரு நாள் எழுத்தில் இருந்தது. அதனை நக்கோடா பறிக்க முடியாது. புயலில் சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், நக்கோடா எல்லாரையும் கலந்து, அவரவர் சரக்குக்கு ஏற்ற அளவில் எறிய வேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கிறது. ஏழையின் மூட்டையே முதலிற் கடலுக்குப் போகும் என்ற நிலை, சட்டத்தளவிலேனும், இல்லை.

பேச்சுக்கு மலாய் மொழி இருந்தது. அதன் வாணிகச் சொற்களுள் தமிழ்ச் சொற்கள் புகுந்து நிலைத்தன. கடை 'கெடாய்' ஆயிற்று. முதல் 'மோடால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பல் ஏறக்குறைய அப்படியே நின்றது. 'கூலி'யும் சென்றது. இச்சொற்கள் அனைத்தும் சரக்கையும் முதலையும் பற்றியவை என்பது காணத்தக்கது. அவற்றை விட்டுச் சென்றவர் புலவர் அல்லர். பெத்தாக்கில் மூட்டையோடு வந்த கீவிகளும் அவர்போன்ற கடைக்காரருமே ஆவர்.

இவ்வளவும் கொண்டு மலாக்காவைப் பொன்னுலகாகக் கருதலாகாது. கிழக்கிலிருந்து வந்த சீனரும் சாவகரும் சுங்கம் செலுத்துவதில்லை. ஆனால் அரசனுக்கும் அலுவலர்க்கும் கையுறை கொடுக்க வேண்டும். கையுறைக்கு அளவு உண்டெனினும், கொடுப்பவன் முகத்தைப் பார்த்து அது வளரும் இயல்புடையது. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல் கூறும் ஒரு நிகழ்ச்சி இதனைக் காட்டும். மலாக்காவின் இறுதி நாட்களில் ஷாபந்தராயிருந்த ராஜா முதலியார் என்பவர்க்கும், நைனா சூரதேவன் என்னும் வணிகத் தலைவர்க்கும் வழக்கு மூண்டது. இருவரும் கெலிங்குகள். பெண்டகாராவின் முன் வழக்கு நாளைக்கு என்றிருக்க, நைனா சூரதேவன் இரவோடிரவாகப் பொன் கொண்டுபோய்ப் பெண்டகாராவிடம் கொடுத்தார். இதனை அறிந்த கித்துல் என்பவன், ராஜா முதலியாருக்குத் தான் பட்டிருந்த கடன் தீர வேண்டி, அவரிடம் செய்தியைச் சொன்னான். அஞ்சிய முதலியார் லக்சமணா என்னும் கடற்படைத் தலைவர் வழியே, பெண்டகாரா அரசைக் கவர எண்ணுகிறார் என்று சுல்தானின் செவியில் ஏற்றினார். பெண்டகாரா குடும்பத்தோடு அழிந்தார். உண்மை வெளிப்பட்டபின் கோள் சொன்னவரும் அழிந்தனர். ஓராண்டு ஈராண்டுக்குள், 1511 ஆகஸ்டில், போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றினர். வேற்று நாட்டாரோடு வாணிகம் செய்ய வகுத்த முறை, ஒரே நாட்டார் இருவரின் பூசலில், நடுவர் கைநீட்டிய இரவில், முறிந்துவிட்டது. அதுகாறும் அம்முறையைத் தாங்கி நின்றது, மதிப்புக் கூறுவோர் ஒருபக்கம் சாயமாட்டார் என்ற நம்பிக்கை. அது போனபின் மொழி ஒன்றாயிருந்தும் பயனில்லை.

வென்றவர் தொடக்கத்தில் பழைய ஒழுங்கைக் காக்கவே முயன்றனர். நைனா சாத்து என்று அவர்கள் எழுதும் இந்து வணிகர், 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்க்கு உதவியவர். அவரையே பெண்டகாராவாக்கி, அவரோடு கூட்டாகக் கப்பல்களும் அனுப்பினர். மலாக்காவுக்கு அனுப்பப்படும் அலுவலர் வாணிகம் அறிந்தவராய், அமைதியை விரும்புவோராய், செருக்கற்றவராய் இருக்க வேண்டும் என்று பீரேசு வற்புறுத்தி எழுதினார். அவர் சொல் ஏறவில்லை. பின்வந்த கோட்டைத் தலைவர்கள் தம் சொந்த வாணிகத்துக்காகச் சந்தை விலைக்குக் குறைவாகச் சரக்கைக் கட்டாயப்படுத்தி வாங்கினர். பெருவணிகன் இதனைத் தாங்கலாம், கீவி தாங்கமாட்டான். அவன் எதிர்த்துப் போரிடவில்லை; மறு ஆண்டு கப்பலை வேறு பக்கம் திருப்பினான். அச்சே, ஜொகூர், பாந்தாம் ஆகிய துறைகள் வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சாவகத்தின் மேற்கு முனையிலுள்ள பாந்தாமில், 16ஆம் நூற்றாண்டின் முடிவில், பழைய மலாக்காவின் சாயலைக் காண முடிந்தது. அங்கே ஷாபந்தர் ஒரு கெலிங். சந்தையில் ஒவ்வொரு நாட்டாருக்கும் தனித்தனி இடம். சீனச் சிறு வணிகர் கையில் டாச்சிங்கை எடுத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று, உழவரிடம் மிளகைச் சிறிது சிறிதாக நிறுத்து வாங்கிச் சேர்த்து, சீனக் கப்பல் வரும்வரை காத்திருந்தனர். உழவனுக்குப் பணம் எவ்வளவு தேவை என்பதைப் பார்த்தே அவர்கள் விலை கூறினர் என்று டச்சுக்காரர் எழுதியிருப்பதும் உண்மையாயிருக்கலாம்; வாங்குவோன் எங்கும் வாங்குவோனே.

இச்சந்தைக்கு 1596இல் கார்னேலிசு தெ ஹௌட்மன் தலைமையில் முதல் டச்சுக் கப்பல்கள் வந்தன. கேட்ட விலையை அவர்கள் நம்பவில்லை. இன்னும் இறங்கும் என்று காத்திருந்தனர். பூசல் வளர்ந்து, ஹௌட்மனும் அவருடைய ஆட்கள் சிலரும் சிறைப்பட்டனர். கப்பல்கள் நகரின்மீது குண்டு பொழிந்தன. அவர்கள் நாடு திரும்பியபோது கொண்டுசென்ற மிளகு சொற்பம். 1598 நவம்பரில் யாக்கோப் வான் நெக் வந்தார். அவர் விலைக்காக நெடிது வாதாடவில்லை; முன்னவர் தர மறுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார். சில வாரங்களில் அவருடைய கப்பல்கள் நிறைந்தன. நான்கு கப்பல்கள் 1599 தொடக்கத்தில் பாந்தாமிலிருந்து பாய் விரித்து, ஜூலையில் மிளகோடு ஆம்ஸ்டர்டாம் சேர்ந்தன. அந்நகரத்தார் அவற்றை மணியடித்து வரவேற்றனர்.